சிறைக்குள் கர்ப்பவதிகளும் தாய்மாரும்: துணை நிற்க விரும்புவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு பெண் கைதாகிவிட்டாள் என்ற செய்தி ஊருக்குள் வந்தால் எல்லோரும் வழக்கைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். அவளுக்கு இது எத்தனையாவது மாதம், கடைசியாக எப்போது கிளினிக்குக்குப் போனாள், வீட்டில் பால்குடிப் பிள்ளை இருக்கிறதா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு இன்று பின்னேரம் சாப்பாடு கொடுப்பது யார் என்ற கேள்விகள் ஓரிரு நாள் கழித்தே எழும். கர்ப்பவதிக்கும் கைக்குழந்தைக்கும் அந்த ஓரிரு நாளே பெரிய இழப்பாகிவிடக்கூடும். திருகோணமலை நகரத்திலும் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் போன்ற பிரதேசங்களிலும் இத்தகைய நிலைமைக்கு முகங்கொடுக்கும் குடும்பங்களுக்கும், அவற்றுக்குத் துணை நிற்க விரும்பும் மாதர் சங்கங்களுக்கும், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்த நலன்புரிக் குழுக்களுக்கும் இவ்விடயத்தின் அடிப்படைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிறைத்தண்டனை என்பது ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரத்தை நீதிமன்றம் குறித்த காலத்துக்கு நிறுத்திவைப்பதாகும். அவருடைய மருந்தையோ, சத்தான உணவையோ, பிள்ளையோடுள்ள உறவையோ நிறுத்தும்படி எந்த நீதிமன்றமும் தீர்ப்பெழுதுவதில்லை. வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்கப்பட்டுள்ளவர்களின் நிலை இதைவிடத் தெளிவானது. அவர்கள் இன்னமும் குற்றவாளிகளாகக் காணப்படவில்லை. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியாகவே கருதப்பட வேண்டுமென இலங்கை அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை கூறுகிறது. வயிற்றிலுள்ள சிசுவின் மீதோ மடியிலுள்ள குழந்தையின் மீதோ எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆகவே இவர்களுக்குச் செய்யப்படும் பராமரிப்பைச் சலுகை என்று எண்ணத் தொடங்கினால் முழு விடயமும் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டுவிடும்.

இப்பெண்களின் நிலைமை மூன்று வகைப்படும். முதலாவது, கர்ப்பமுற்ற நிலையில் உள்ளே செல்பவர்கள். இரண்டாவது, சிறு பிள்ளையைத் தம்முடன் உள்ளே வைத்திருப்பவர்கள். மூன்றாவது, பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டுத் தனியே உள்ளே இருப்பவர்கள். கைக்குழந்தை கண்ணுக்குத் தெரிவதால் இரண்டாம் வகையினருக்கு இரக்கம் எளிதில் கிடைத்துவிடுகிறது. மூன்றாம் வகையினர் தாய்மார் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். சிறைப்பட்ட தாய்மாரில் பெரும்பாலோர் அவர்களே.

சட்டத்தில் இதற்கு என்ன இடம்?

பெண் கைதிகள் தொடர்பாக உலக நாடுகள் பொதுவில் ஏற்றுக்கொண்ட அளவுகோல் ‘பாங்கொக் விதிகள்’ எனப்படும். 2010 டிசம்பர் 21ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட இத்தொகுப்பில் 70 விதிகள் உள்ளன. ஆண் கைதிகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட சிறைகளில் பெண்களின் தேவைகள் கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டே இவை எழுதப்பட்டன. பிரசவ வலியின்போதும், பிள்ளை பிறக்கும்போதும், பிறந்த கையோடும் தாய்க்கு விலங்கிடக் கூடாது என 24ஆம் விதி கூறுகிறது. கர்ப்பவதிகள், பாலூட்டும் தாய்மார், கைக்குழந்தையுள்ள தாய்மார் ஆகியோரைத் தண்டனையாகத் தனிமைச் சிறையில் அடைக்கக் கூடாது என 22ஆம் விதி தடுக்கிறது. தாயோடு சிறையில் இருக்கும் பிள்ளையை ஒருபோதும் கைதியாக நடத்தக் கூடாது என்பது 49ஆம் விதி. கர்ப்பவதிகளுக்கும், தம்மை நம்பியிருக்கும் பிள்ளைகளையுடைய பெண்களுக்கும் இயலுமான இடத்திலெல்லாம் சிறையல்லாத மாற்றுத் தண்டனையையே தெரிவு செய்ய வேண்டும் என்பது 64ஆம் விதி. என் பார்வையில் இவற்றுள் மிக முக்கியமானது இந்தக் கடைசி விதிதான்; ஏனையவை ஏற்கெனவே நேர்ந்துவிட்ட பாதிப்பைக் குறைப்பவை, இதுவோ பாதிப்பே நேராமல் தடுக்கக்கூடியது.

கைதிகள் எல்லோரையும் நடத்தும் முறை பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட ‘மண்டேலா விதிகள்’ இன்னொரு முக்கிய விடயத்தைச் சேர்க்கின்றன: பிரசவம் இயன்றவரை சிறைக்கு வெளியேயுள்ள வைத்தியசாலையில் நடக்க வேண்டும், குழந்தை சிறையில் பிறந்திருந்தால் அவ்விபரம் பிறப்புச் சான்றிதழில் இடம்பெறக் கூடாது. பள்ளிக்கூட அனுமதி தொடங்கித் திருமணப் பதிவு வரை அந்தத் தாளைக் கையில் கொண்டுபோகும் பிள்ளைக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, ஊர்ப் பேச்சின் கூர்மையை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

இவ்விதிகள் நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக்கூடிய சட்டங்கள் அல்ல; ஆயினும் உள்நாட்டுச் சட்டத்திலும் பற்றிக்கொள்ளக்கூடிய இடங்கள் உண்டு. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தைச் சார்ந்த, ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று அறியப்படும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிள்ளைகள் தொடர்பான எல்லா விடயங்களிலும் பிள்ளையின் நலனுக்கே முதலிடம் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. நீதிமன்றங்களும் நிர்வாக அதிகாரிகளும் இதற்குள் அடங்குவர். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு அவர்களுடன் தொடர்பு வைத்திருக்கும் உரிமையை அச்சமவாயம் உறுதிப்படுத்துகிறது. சிறைகளை நிர்வகிக்கும் அடிப்படைச் சட்டமோ 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்துச் சட்டத்தைக் கொண்டு இன்றைய தாய்மாரின் தேவைகளைக் கவனிப்பதால் உண்டாகும் இடைவெளியை, அக்கறையுள்ள அதிகாரிகளும் வெளியிலிருந்து வரும் உதவியும்தான் இதுவரை ஓரளவு நிரப்பி வந்துள்ளன.

முதல் உதவி பிணை

கர்ப்பவதிக்குச் சிறைக்குள் செய்யக்கூடிய எந்த உதவியையும்விட, அவரை வீட்டிலிருந்தபடியே வழக்கைச் சந்திக்க வைப்பது மேலானது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதியாகவும் மறுப்பதே விதிவிலக்காகவும் இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. சில பாரதூரமான குற்றச்சாட்டுகளுக்கு, குறிப்பாகப் போதைப்பொருள் வழக்குகள் சிலவற்றுக்கு, நீதவான் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அத்தகைய விண்ணப்பத்திலும் கர்ப்பத்தையும் கைக்குழந்தையையும் காரணமாக முன்வைக்கச் சட்டத்தரணிக்கு இடமுண்டு. ஆனால் அவை வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் போதாது. வைத்தியரின் கடிதம், கர்ப்பகாலப் பதிவேட்டின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டில் அவர்களைப் பார்க்க வேறு எவருமில்லை என்பதை உறுதிசெய்யும் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவை சட்டத்தரணியின் கையில் தவணைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

பிணை கிடைத்த பின்பும் பெண்கள் உள்ளேயே இருந்துவிடும் நிலைமை உண்டு. இதைப் புதிதாக உதவ வருவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நீதிமன்றம் ரொக்கப் பிணையும் சரீரப் பிணையும் (அதாவது வேறு ஆட்கள் பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் பிணையும்) விதிக்கும்போது, கையொப்பமிட வரும் பிணையாளிகள் தமது அடையாள அட்டையுடன் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் கொண்டுவர வேண்டியிருக்கும். கணவன் கடலுக்குப் போயிருக்கலாம், அல்லது அவரே வழக்கில் இரண்டாம் சந்தேகநபராக இருக்கலாம். அயலவர் பொலிஸ், கோடு என்றதும் ஒதுங்கிக்கொள்வார்கள். வெருகலிலிருந்து நீதிமன்றத்துக்கு வரும் ஒரு கூலித் தொழிலாளி அன்றைய சம்பளத்தை இழந்து, சான்றிதழுக்காக ஒருநாளும் கையொப்பத்துக்காக இன்னொரு நாளும் அலைய நேர்ந்தால், அடுத்த தவணைவரை அந்தப் பெண் உள்ளேதான் இருப்பார். ஆகவே நம்பகமான இரு பிணையாளிகளை ஒழுங்கு செய்வதும், அவர்களுடைய ஆவணங்களை முன்கூட்டியே தயார்ப்படுத்துவதும், போக்குவரத்துச் செலவைப் பொறுப்பேற்பதும் ஓர் ஊர்க்குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணிகளாகும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிறுவனம், வசதியற்றவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியை வழங்குகிறது. திருகோணமலையிலும் அதன் நிலையம் இயங்குகிறது.

தண்டப்பணம் கட்டமுடியாமல் சிறைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் வேதனைக்குரியது. நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்ப விரும்பியிருக்காது. பணம் இல்லாததே அவர்களை அங்கே அனுப்புகிறது. தண்டப்பணத்தைக் கட்டக் கால அவகாசமோ தவணைமுறையோ கேட்கலாம் என்பதும், 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தகுதியான வழக்குகளில் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையை நீதிமன்றம் பிறப்பிக்கலாம் என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. இக்கட்டளையின்படி அவர் தன் ஊரிலிருந்தே குறித்த மணித்தியாலங்கள் பொதுவேலை செய்து தண்டனையை நிறைவுசெய்வார். கிளினிக்கும் தவறாது, பிள்ளையும் தாயோடு இருக்கும்.

கிளினிக் கொப்பி அவரோடு போக வேண்டும்

பிணை கிடைக்காதபோது, கர்ப்பவதியின் குடும்பம் முதல் நாளே கையில் எடுக்க வேண்டிய பொருள் அவருடைய கர்ப்பகாலப் பதிவேடு, அதாவது நம் வீடுகளில் கிளினிக் கொப்பி என்று சொல்லப்படுவது. பெரும்பாலும் அது பொலித்தீன் உறையொன்றில், பழைய ஸ்கேன் அறிக்கைகளோடும் மாத்திரைக் கடதாசிகளோடும் சேர்த்து அலுமாரி மேல்தட்டில் கிடக்கும். கடைசி மாதவிடாய்த் திகதி, பிரசவத்துக்கு எதிர்பார்க்கப்படும் திகதி, இரத்த வகை, ஒவ்வொரு முறையும் அளந்த இரத்த அழுத்தம், நிறை, ஹீமோகுளோபின் அளவு, போட்ட ஏற்புத்தடை ஊசி, முன்னைய பிரசவம் சத்திரசிகிச்சையா சுகப்பிரசவமா என்ற விபரம் எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கொப்பி இல்லாத ஒரு பெண் நள்ளிரவில் இரத்தப்போக்குடன் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், அவரைப் பார்க்கும் வைத்தியர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும். ஆகவே அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூலப்பிரதியைச் சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடமோ சிறை வைத்தியப் பிரிவிடமோ கையளிக்க வேண்டும். யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தோம் என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெண் வசித்த பிரதேசத்தின் குடும்பநல உத்தியோகத்தருக்கும், அதாவது நாம் மிட்வைப் என்று அழைப்பவருக்கும், உடனே தகவல் தெரிவிக்க வேண்டும். அவருடைய பதிவேட்டில் இந்தத் தாய் ‘வரவில்லை’ என்று மட்டும் இருந்தால் அங்கேயே தொடர்பு அறுந்துவிடும். ‘இன்ன இடத்தில் இருக்கிறார்’ என்று தெரிந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகச் சிறை அமைந்துள்ள பிரதேசத்தின் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வழி பிறக்கும். இன்னும் பதிவே செய்யாத ஆரம்பக் கர்ப்பவதியாக இருந்தால் இது மேலும் அவசியமானது. ஆரம்பப் பதிவின்போதுதான் இரத்தச் சோதனைகள் எடுக்கப்படுகின்றன. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்ததற்கு, இந்த வழமையான சோதனைகள் ஒவ்வொரு கர்ப்பவதியையும் சென்றடைந்ததே காரணம். சிறையில் இருக்கும் பெண்ணும் அந்த ‘ஒவ்வொரு’ என்பதற்குள் அடங்குகிறார்.

சாதாரண கர்ப்பத்தில் 28 வாரம்வரை மாதம் ஒருமுறையும், 36 வாரம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், அதன் பின் வாரந்தோறும் பரிசோதனை நடப்பது பொதுவான ஒழுங்கு. சிறையிலிருந்து கிளினிக்குக்குப் போக வாகனமும் பெண் காவலரும் தேவைப்படுவதால், இவற்றில் ஒன்று கிடைக்காத நாளில் பரிசோதனை தள்ளிப்போகும். எனவே பார்க்கப் போகும் உறவினர் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறதா, பிள்ளை துடிப்பது தெரிகிறதா’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். தாங்க முடியாத தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், இரத்தம் படுதல், நீர்க்குடம் உடைதல், காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் காலைவரை காத்திராமல் காவலரை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும் என்பதைக் கர்ப்பவதிக்கும், அவரோடு அதே அறையில் இருக்கும் பெண்களுக்கும் விளங்கவைக்க வேண்டும். இரவில் முதலில் குரல் கொடுக்கப்போவது பக்கத்தில் படுத்திருக்கும் பெண்தான்.

உணவு விடயத்தில் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். விளக்கமறியலில் உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்து உணவு கொடுக்க அனுமதி உண்டு. தண்டனை பெற்றவர்களுக்குச் சிறை உணவே. கர்ப்பவதிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நாடெங்கும் வழங்கப்படும் திரிபோஷா சத்துமாவும், இரும்பு, போலிக் அமிலம், கல்சியம் மாத்திரைகளும் சிறைக்குள் இருப்பவருக்கும் கிடைக்கின்றனவா என்பதைக் குடும்பம் கேட்டறியலாம். அவ்வாறு கேட்பதில் தவறேதும் இல்லை. இடநெருக்கடியுள்ள அறையில் கால் நீட்டிப் படுக்க இடமும், மலசலகூடத்துக்கு அடிக்கடி போக வழியும், குடிக்கப் போதிய தண்ணீரும் கிடைப்பதும் கர்ப்பவதிக்கு மருந்துக்கு நிகரானவை.

பிரசவமும் அதன் பின்னான நாட்களும்

பிரசவ அறைக்குள் தாய் ஒரு நோயாளி. கைதி என்ற நிலை வாசலோடு நின்றுவிட வேண்டும். காவலுக்கு வருபவர் பெண்ணாக இருக்க வேண்டும். பரிசோதனையின்போது வைத்தியருக்கும் தாய்க்கும் இடையில் அந்தரங்கம் பேணப்பட வேண்டும். குடும்பம் செய்யக்கூடியது, எதிர்பார்க்கும் திகதிக்கு ஒரு மாதம் முன்பே தேவையான பொருட்களைக் கொடுத்து வைப்பது: முன்பக்கம் திறக்கும் இரவாடைகள், பெரிய அளவு சனிட்டரி நெப்கின்கள், துவைத்துக் காயவைத்த பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், குழந்தைச் சவர்க்காரம், சட்டைகள், துவாய். எவற்றை உள்ளே அனுமதிப்பார்கள் என்று முதலில் கேட்டறிந்துகொண்டு கொண்டுபோனால் வாசலில் திருப்பியனுப்பப்படும் வேதனை மிச்சமாகும்.

பிரசவத்தின் பின்னான நாட்கள்தான் எல்லாருடைய கவனமும் தளர்ந்துபோகும் காலம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுடுதண்ணீர் வார்த்து, சரக்கு அரைத்த கறி வைத்து, பால் சுறா வறை செய்து கொடுத்து, துடக்குக் கழியும்வரை தாயோ மாமியாரோ பக்கத்திலேயே இருப்பார்கள். சிறையில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தையல் ஆறாத உடம்போடு, இரவு முழுதும் அழும் பிள்ளையை, நித்திரை குழம்பிய மற்றப் பெண்களின் முணுமுணுப்புக்கு நடுவே தனியே சமாளிக்கிறார். காரணமின்றி அழுதல், பிள்ளையைத் தூக்க மனமின்மை, சாப்பிடாதிருத்தல், ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு ஆகியன இரு வாரங்களைத் தாண்டியும் தொடர்ந்தால் அது பிரசவத்தின் பின்னான மனச்சோர்வாக இருக்கக்கூடும்; அதற்குச் சிகிச்சை உண்டு. பார்க்க வருபவர் இதை அவதானித்தால் நலன்புரி உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ தயங்காமல் சொல்ல வேண்டும்.

பிறந்த பிள்ளையைத் தாயோடு வைத்திருக்க முடியாமற் போனால், தாயின் மார்பில் பால் கட்டி வலியும் காய்ச்சலும் உண்டாகும். பாலைக் கறந்து எடுக்கவும் வலியைத் தணிக்கவும் அவருக்கு மருத்துவமாதின் உதவி தேவை. பிள்ளையைப் பிரித்தவுடன் அவருக்கு இனிமேல் பிரசவப் பராமரிப்புத் தேவையில்லை என்று நினைப்பது பெரும் தவறு. பிறப்பை 3 மாதங்களுக்குள் பதிவு செய்வதற்குத் தேவையான அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் முதலியவற்றைக் குடும்பம் நேரகாலத்தோடு ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிறையில் பிரசவித்த வறிய தாயிடம், ‘பிள்ளையை எங்களிடம் தந்துவிடு, நன்றாக வளர்ப்போம்’ என்று நல்லெண்ணத்தோடும் சிலர் வருவார்கள். மகவேற்பு, அதாவது பிள்ளையைத் தத்தெடுப்பது, 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே நடக்கக்கூடியது. பெற்ற களைப்பிலும் பயத்திலும் இருக்கும் ஒரு பெண்ணிடம் கையொப்பம் கேட்பது உதவியாகாது. அவரிடம் எந்தத் தாளாவது நீட்டப்பட்டால் சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

உள்ளே வளரும் பிள்ளை

இலங்கையில் 5 வயதுவரை பிள்ளையைத் தாயுடன் சிறையில் வைத்திருக்க இடமளிக்கப்படுகிறது. இந்தியாவில் இவ்வெல்லை 6 வயது; இங்கிலாந்தின் தாய்-சேய் பிரிவுகளில் பொதுவாக 18 மாதம். எந்த வயது சரியென்பது பற்றி ஒருமித்த கருத்து உலகில் இல்லை. ஆனால் வயதெல்லையை மட்டும் பார்க்காமல், இந்தப் பிள்ளைக்கு, இந்தத் தாயோடு, இந்த இடத்தில் இருப்பது நல்லதா என்று தனித்தனியே ஆராய வேண்டுமென்பதே பாங்கொக் விதிகளின் நிலைப்பாடு. வெளியே அன்பான பேத்தியார் இருக்கும் பிள்ளைக்கும் எவருமே இல்லாத பிள்ளைக்கும் பதில் வேறுபடும்.

உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டவணை மாறுவதில்லை. பிறந்தவுடன் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோ மருந்தும், 9 மாதத்தில் எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளையழற்சிக்கான ஊசி என்று வெளியிலுள்ள பிள்ளைக்குக் கிடைப்பவை அனைத்தும் அதற்கும் கிடைக்க வேண்டும். 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன்பின் மசித்த சோறும் பருப்பும் மீனும் தேவைப்படும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பெரியவர்களுக்குச் சமைத்த உறைப்புக் கறியை ஏழு மாதப் பிள்ளை சாப்பிட முடியாது. இரண்டு வயதில் ஓடி விளையாட இடம் வேண்டும். மூன்று வயதில் முன்பள்ளியும் கதைப்புத்தகமும் வேண்டும். கடலையும் சந்தையையும் பஸ்ஸையும் பார்க்க அவ்வப்போது வெளியே அழைத்துச் செல்ல உறவினர் வேண்டும். தமிழ்க் கதைப்புத்தகங்கள் பத்தை அன்பளிப்பாகக் கொடுப்பது, சிங்களமே அன்றாட மொழியாக உள்ள சிறையொன்றில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய கொடையாகும்.

வெளியே நிற்கும் பிள்ளைகள்

தந்தை மறியலுக்குப் போனால் பெரும்பாலும் வீடு தாயைச் சுற்றி அப்படியே இருக்கும். தாய் போனால் வீடே கலைந்துவிடுகிறது: மூத்தவள் பெரியம்மா வீட்டில், சின்னவன் அம்மம்மாவிடம், கைக்குழந்தை வேறெங்கோ. இதைத் தடுக்க, கைது நடந்தவுடனேயே பிள்ளைகளை ஒன்றாக ஒரே வீட்டில் வைத்திருக்கக்கூடிய உறவினரைத் தேட வேண்டும். எவரும் இல்லையெனில் மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் அணுகத்தக்கவர்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொருத்தமான ஒருவரின் பராமரிப்பில் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிறுவர் இல்லம் என்பது கடைசித் தெரிவாகவே இருக்க வேண்டும்.

தாய் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்கு மாற்றப்பட்டால் தொடர்பைப் பேணுவது மேலும் கடினமாகும். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் இரண்டு பிள்ளைகளோடு புறப்படும் ஓர் அம்மம்மா, போகவர டிக்கெட், காலைச் சாப்பாடு, முச்சக்கர வண்டி என்று செலவழித்து, சில நிமிடங்கள் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மாதத்தில் ஒருமுறை போவதற்கே அவரால் முடியாது. பண்டிகை நாட்களில் சிறைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள், அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இந்த அம்மம்மாவின் பஸ் செலவை ஆண்டு முழுதும் ஏற்றுக்கொள்ள ஒரு குழு முன்வருமானால், அது எந்தப் பரிசையும்விட அந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம். இடையிடையே கடிதம் எழுதலாம். பிள்ளையின் பரீட்சைப் புள்ளி அறிக்கையின் பிரதி, வரைந்த படம், பல் விழுந்த செய்தி எல்லாம் தபாலில் போகட்டும். அம்மா வெளிநாடு போய்விட்டார் என்று பிள்ளையிடம் பொய் சொல்லும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. வகுப்பில் ஒருநாள் வேறொருவர் வாயால் உண்மை தெரியவரும்போது பிள்ளை இரு முறை உடைந்துபோகிறது. வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்வதே நல்லது.

உதவப் போவோர் சில கட்டுப்பாடுகளைத் தமக்கே விதித்துக்கொள்ள வேண்டும். வழக்கைப் பற்றி அவர் தானாகச் சொன்னாலன்றிக் கேட்கக் கூடாது. தாயையோ பிள்ளையையோ படமெடுத்து முகநூலில் போடக் கூடாது. பிள்ளையின் முகம் ஒருமுறை வெளியானால் அதைத் திரும்பப் பெற முடியாது. கொடுப்பதாகச் சொன்ன பொருளைச் சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். நாளெண்ணிக் காத்திருக்கும் ஒருவருக்கு நிறைவேறாத வாக்குறுதி மிகவும் கனமானது.

மருத்துவ வசதி மறுக்கப்பட்டாலோ, துன்புறுத்தல் நடந்தாலோ, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்; தடுத்துவைக்கப்பட்டவர்களின் நலனைக் கண்காணிக்க அந்த ஆணைக்குழுவுக்கு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதிகாரமளிக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய முறைப்பாடுகளுக்கு 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938. அழைக்கும்போது பெண்ணின் முழுப் பெயர், வழக்கு இலக்கம், எந்தச் சிறை, எத்தனை வாரக் கர்ப்பம், என்ன நடந்தது, எந்தத் திகதியில் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் முறைப்பாடு தெளிவாகப் பதிவாகும்.

விடுதலையாகும் நாளுக்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, சிறையில் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புகளையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கேட்டுப் பெற்றுக்கொள்வது. அவை இல்லாவிட்டால் ஊர்க் கிளினிக்கில் எந்த ஊசி போட்டது, எது போடவில்லை என்று தெரியாமல் போகும். மற்றது, அவர் போய்ச் சேரவிருக்கும் வீட்டின் பகுதி மிட்வைப்பிடம் வருகையை முன்கூட்டியே அறிவித்து, முதல் வாரத்திலேயே வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்வது.